எந்தச் சந்தனம்?

ஸெல்வோரா கம்பெனியில் லேப்டாப்பை மட்டும் தனியாக வாங்க முடியாது. அதன் வயிற்றுக்குள் அதே கம்பெனியின் சிம் கார்டு ஒன்று பிறவியிலேயே ஒட்டியிருக்கும். அந்த சிம்முக்கு மாதந்தோறும் டேட்டா பிளான் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்கிறவன் மச்சான் மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது அல்லவா, அதுபோலத்தான். பேசாமல் வேண்டுமானால் இருக்கலாம், பந்தியில் இலை போடாமல் இருக்க முடியாது.

திருக்காட்டுப்பள்ளிக்கு அந்தப் பக்கம் நெல் விவசாயம் பார்க்கும் தங்கையன் இந்த விவரமெல்லாம் தெரிந்து வாங்கவில்லை. மகள் குந்தவை கேட்டாள், வாங்கினார். ஆயுத பூஜை அன்று தஞ்சாவூர் ஷோரூமில் வாழைமரம் கட்டி, அன்றைக்கு வாங்குகிறவர்களுக்கு ‘டெலிவரி பூஜை’ இலவசம் என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் குழைத்த சந்தனத்தை அள்ளி லேப்டாப்பின் மூடியிலும், எழுத்துப் பொத்தான்களுக்கு இரண்டு பக்கத்திலும், காற்றுப் போகிற சல்லடை ஓட்டையிலும் வஞ்சகமில்லாமல் அப்பி, மேலே குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். கார் என்றால் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். லேப்டாப்புக்குச் சக்கரம் இல்லாததால் பழத்தைத் தங்கையன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அப்பாவும் மகளும் லேப்டாப்பை ஏந்தி நிற்கிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பினார்கள். நம் வழக்கம் தெரிந்த கம்பெனி என்று தங்கையனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம்.

குந்தவை கணிதத்தில் பட்டம் வாங்கியவள். பெங்களூர் கம்பெனி ஒன்று அவளைப் பல விதமாக வடிகட்டிப் பார்த்துவிட்டு, கடைசித் தேர்வை எழுதச் சொல்லியிருந்தது. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் தேர்வு மென்பொருளை எந்த லேப்டாப்பில் முதலில் ஏற்றினாளோ அதில்தான் எழுத வேண்டும். வேறு ஒன்றில் திறந்தால் ஆள்மாறாட்டம் என்று அர்த்தம்.

இந்த வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் தள்ளிவைக்கலாம் என்று தாய்மாமன் செந்தில்குமார் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டிருந்தார். கிடைக்காவிட்டால் துபாயில் இருக்கும் ஒருவருக்கு அவளை வைகாசியில் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒருவர் போனில் குந்தவையிடம் கேட்டது ஒரே கேள்விதான். “ஒனக்கு ரசம் வைக்கத் தெரியுமா?” அன்று ராத்திரியே அவள் மென்பொருளை ஏற்றிவிட்டாள்.

தை மாதம் தேர்வு நெருங்கிய சமயத்தில் லேப்டாப் செத்தது. முந்தின நாள் வரை நன்றாக இருந்தது. மறுநாள் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கறுப்பு.

அன்று வயலில் அறுவடை மிஷின் இறங்கியிருந்தது. மிஷினை மனைவி தங்கமணியின் பொறுப்பில் விட்டுவிட்டு, தங்கையன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு பூதலூர் வழி பஸ்ஸில் தஞ்சாவூர் போனார். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் கம்பெனியின் பழுது பார்க்கும் இடம் இருந்தது. அதற்கு ‘ஸெல்வோரா அனுபவ மையம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் கம்பெனி உண்மை பேசியது என்றே சொல்ல வேண்டும்.

கவுண்டரில் எழில்மொழி என்ற பெண் இருந்தாள். எந்தப் பேச்சையும் “இனிய அனுபவம் அமையட்டும் சார்” என்றுதான் அவள் முடிக்க வேண்டும். அது சட்டம். அவளுக்குப் பின்னால் கண்ணாடி அறைக்குள் கையுறை போட்ட இன்ஜினியர் ஒருவர் தெரிந்தார்.

“அவருகிட்ட ரெண்டு வார்த்த பேசலாமாம்மா?” என்று கேட்டார் தங்கையன்.

“கஸ்டமர் பேசினா அவருக்கு இரக்கம் வந்துடும் சார். வாரண்டி விஷயத்துல இரக்கம் கலக்கக் கூடாது. இனிய அனுபவம் அமையட்டும்.”

மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

“சார், உங்க லேப்டாப்புக்குள்ள சந்தனம் கண்டுபிடிச்சிருக்காங்க.”

“ஆமாம்மா. வச்சதுதானே.”

கொலையை வாய்தவறி ஒப்புக்கொண்டவனைப் பார்ப்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள். “அப்ப ஒத்துக்கறீங்களா?”

“இதுல ஒத்துக்க என்னம்மா இருக்கு? டிராக்டருக்கு வைக்கிறோம், மோட்டாருக்கு வைக்கிறோம், மருந்தடிக்கிற மிஷினுக்கு வைக்கிறோம். எல்லாம் ஓடுதே.”

“அதெல்லாம் ஸெல்வோரா இல்ல சார்.”

அவள் முன்னாலிருந்த கம்பெனி கம்ப்யூட்டரைத் தங்கையன் அப்போதுதான் கவனித்தார். அதன் நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டும் நடுவில் குங்குமமும் காய்ந்திருந்தன.

“இது என்னம்மா?”

“இது கம்பெனி சந்தனம் சார். வாரண்டிய பாதிக்காது.”

மறுநாள் குந்தவையும் கூட வந்தாள். ஷோரூமில் எடுத்த போட்டோவைப் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கோட்டு போட்ட இளைஞரின் விரல் சல்லடை ஓட்டைக்குள் சந்தனத்தைத் திணித்துக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரிந்தது. “சந்தனத்த வச்சதே ஒங்க ஆளுதான் மேடம்.”

எழில்மொழி படத்தை நன்றாகப் பார்த்தாள். “பூஜை பண்ணினது ஷோரூம் மேடம். ஷோரூம் வேற கம்பெனி, சர்வீஸ் வேற கம்பெனி.”

“ரெண்டுலயும் ஸெல்வோரான்னுதானே போர்டு?”

“போர்டு ஒண்ணுதான். பொறுப்புதான் வேற வேற.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா உள்ள இருக்கிறது முழுக்க ஷோரூம் சந்தனம்தான்னா மேலிடத்துல பேசலாம். வீட்ல எதுவும் வைக்கலயே?” என்று கேட்டாள்.

“வைக்கல” என்று குந்தவை சொல்வதற்கும், “பொங்கலன்னைக்கு நான் ஒரு பொட்டு வச்சேம்மா” என்று தங்கையன் சொல்வதற்கும் சரியாக இருந்தது. குந்தவை கண்களை மூடிக்கொண்டாள். பொங்கலன்று மாட்டுக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்துவிட்டுப் படிக்கிற பிள்ளையின் லேப்டாப்பை விட்டுவிட அவருக்கு மனது வரவில்லை. இதைப் போய் ஒருவர் ஒளிப்பார் என்று அவர் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

அவ்வளவுதான். லேப்டாப்பைக் கொன்றது எந்தச் சந்தனம் என்று கண்டுபிடிக்க நொய்டாவில் இருக்கும் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுச் சந்தனத்தில் கொஞ்சம் கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லாத நடுநிலையான சந்தனம் ஒன்றும் வேண்டும் என்றார்கள். தங்கையன் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போய் நின்றார். காய்ச்சலுக்கும் கோர்ட்டு கேஸுக்கும் விபூதி கொடுத்துப் பழகியவர் பூசாரி. வாரண்டிக்குச் சந்தனம் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான் என்பதால், அம்மன் காலடியில் வைத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக வேண்டிக்கொண்டு கொடுத்தார்.

லேப்டாப் நொய்டா போய்ச் சேர்ந்த நேரம் தங்கையன் போனுக்கு ஒரு செய்தி வந்தது. டேட்டா பிளான் முடியப்போகிறது, நேரில் வந்து புதுப்பிக்காவிட்டால் லேப்டாப் உரிமையாளரால் கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று இருந்தது. அறுத்த நெல் களத்தில் கிடந்தது. வானம் வேறு மூட்டமாக இருந்தது. தங்கமணி படுதாவை இழுத்து மூடிக்கொண்டே, “அந்தப் பொட்டிக்குள்ள என்னதான் வச்சிருக்கானுவளோ, போயிட்டு வாங்க” என்றாள். அப்பாவும் மகளும் மறுபடியும் பஸ் ஏறினார்கள்.

இந்த முறை ஏரியா மேனேஜர் சூர்யபிரகாஷே நேரில் வந்து பேசினார். சிரித்த முகம். எந்தக் கெட்ட செய்தியையும் கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டுவார்.

“செத்துக் கெடக்கிற மிஷினுக்கு எதுக்குங்க டேட்டா?” என்று கேட்டார் தங்கையன்.

“மிஷின் செத்திருக்கலாம் சார். உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு சாகக் கூடாது.”

“சரிங்க. தெனம் குடுக்கிற டேட்டாவ யாரும் தொடலியே, அது எங்க போவுது?”

“நைட்டு பன்னண்டு மணிக்கு முடிஞ்சிடும்.”

“எங்க ஊர்ல மொறைத்தண்ணி இருக்குங்க. என் மொறையில நான் மடையத் தெறக்கலன்னா தண்ணி அடுத்த வயலுக்குப் போவும். அவன் பயிராவது பொழைக்கும். என் டேட்டா யாரு வயலுக்குப் போவுது?”

“யாருக்கும் போகாது சார். அழிஞ்சிடும்.”

“யாருக்கும் போவலன்னா எனக்கே வச்சிருக்கலாமே?”

சூர்யபிரகாஷ் உண்மையாகவே அதிர்ந்து போனார். “அவங்கவங்க வாங்கினத அவங்கவங்களுக்கே குடுத்துட்டா அப்புறம் நாங்க என்னத்த சார் விக்கிறது?”

குந்தவைக்குப் பொறுமை போய்விட்டது. “வெள்ளிக்கெழம எனக்கு எக்ஸாம் சார். அந்த லேப்டாப்புல மட்டும்தான் எழுத முடியும். தப்பு யாரோடதா வேணா இருக்கட்டும். ரிப்பேர் பண்ணிக் குடுங்க, எழுதி முடிச்சதும் திரும்ப ஒடச்சு வேணாலும் தரேன். உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதா?”

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். சூர்யபிரகாஷ் அவளை ரசித்துப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

“மேடம், எங்க கம்பெனிக்குக் கஸ்டமர்தான் தெய்வம். சும்மா சொல்லல, ஆழமா நம்பறோம். தெய்வம் என்ன பண்ணும்? அபிஷேகம் பண்ணா ஏத்துக்கும். பண்ணலன்னா காத்திருக்கும். நடைய சாத்தினா தூங்கும். காணிக்க மட்டும் எங்கேர்ந்தாவது வந்துக்கிட்டே இருக்கும். கோவிலுக்கு எவ்வளவு கூட்டம் வந்தாலும் தெய்வம் எழுந்து வந்து கேள்வி கேக்குதா? அப்படிக் கேட்டா அது தெய்வம் இல்ல மேடம், கம்ப்ளைண்ட்.”

கை தட்டியவர் இப்போது இவருக்கும் தட்டினார். தங்கையன் டேட்டா பிளானைப் புதுப்பித்துவிட்டு மகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் லேப்டாப் நொய்டாவிலிருந்து திரும்பி வந்தது. பத்து மணிக்குத் தேர்வு. கதவு திறக்கும் முன்பே இருவரும் போய் நின்றார்கள். எழில்மொழி சோதனை முடிவைப் படித்தாள். சந்தனம் குற்றமற்றது. ஷோரூம் சந்தனம், வீட்டுச் சந்தனம் எதுவும் எந்த உறுப்பையும் தொடக்கூட இல்லை. கோயில் சந்தனம் மிகவும் உயர்ந்த தரம் என்று தனியாகப் பாராட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் மதர்போர்டு தொழிற்சாலையிலேயே பழுதாகப் பிறந்திருந்தது.

“அப்ப ஒங்க தப்புதான். அந்த போர்ட ஒடனே மாத்திக் குடுங்க” என்றாள் குந்தவை.

“மாத்தலாம் மேடம். ஆனா சந்தனம் இருக்கான்னு பாக்குறதுக்காக லேப்டாப்ப முழுசாத் தெறந்துட்டாங்க. தெறந்த லேப்டாப்புக்கு வாரண்டி கெடையாது.”

“தெறந்தது நீங்கதானே?”

“ஆமா மேடம். நாங்க தெறக்கலாம், அதுல விதிமீறல் எதுவும் இல்ல. ஆனா தெறந்தாச்சுல்ல.”

குந்தவை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிரே காட்சிக்கு வைத்திருந்த புது லேப்டாப்பில் பனிமலை, அருவி, ஓடுகிற மான் எல்லாம் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பத்து மணி ஆயிற்று. பத்தரையும் ஆயிற்று. அவள் போனுக்கு மின்னஞ்சல் வந்தது. தேர்வுக்கு வராததால் அவள் விண்ணப்பம் முடித்து வைக்கப்பட்டது என்று இருந்தது. அதை எடுத்துப்போய் எழில்மொழியிடம் காட்டினாள். திட்டுவதற்கு அல்ல. யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது.

எழில்மொழி அதைப் படித்தாள். “இனிய அனுபவம்…” என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திய குற்றத்துக்காக அவளை அன்று மாலையே வேலையை விட்டு எடுத்தார்கள். காலி இடத்தை ரொம்ப நாள் காலியாக வைக்கிற பழக்கம் ஸெல்வோராவுக்கு இல்லை. அடுத்த வாரம் சூர்யபிரகாஷே குந்தவைக்குப் போன் செய்தார்.

“உங்களப் போலக் கோவப்படத் தெரிஞ்சவங்கள உள்ள கொண்டாந்துட்டா, வெளியில கோவப்பட ஆளு கொறையும் மேடம். இது கம்பெனியோட கொள்கை. நாளைக்கே வந்துடுங்க.”

காறித் துப்பத்தான் நினைத்தாள். ஆனால் வைகாசி வந்துகொண்டிருந்தது. ரசமும் வந்துகொண்டிருந்தது. மாமா செந்தில்குமார் வேலை உத்தரவை வாங்கிப் பார்த்தார். கம்பெனி பெயர் இங்கிலீஷில் பளபளவென்று அச்சாகியிருந்ததில் திருப்தி அடைந்து, “மொத மூணு மாசம் தாக்குப்பிடிச்சு வேல நெலைச்சா தள்ளி வைக்கலாம். இல்லன்னா துபாய்தான்” என்று தீர்ப்புச் சொன்னார்.

தங்கையன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வக்கீலைக்கூடப் பார்த்துவிட்டிருந்தார். “கேஸு போட்டீங்கன்னா என் வேல போயிடும்பா” என்றாள் குந்தவை. அத்தோடு அதை விட்டார்.

அவள் நன்றாக வேலை செய்தாள். அதுதான் கொடுமை. மற்றவர்களை ஏமாற்றுகிற ஒவ்வொரு வாக்கியத்தின் வலியும் அவளுக்குத் தெரிந்திருந்ததால், கேட்கிறவருக்கு வலிக்காத மாதிரி சொல்ல அவளால் முடிந்தது. ஒரு மாதத்தில் மையத்தில் சத்தமே குறைந்துவிட்டது. வந்தவர்கள் தோற்றுப் போய், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். சில நாள் இரவுச் சாப்பாட்டில் அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் வைக்கமாட்டாள். தங்கமணி கேட்டால், “பசியில்லம்மா” என்பாள்.

மூன்றாவது மாதம் முடியப்போகிற சமயம் தங்கையனுக்குக் கடைசி அறிவிப்பு வந்தது. செத்த லேப்டாப்பை உரிமையாளர் நேரில் வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் கம்பெனியே அழித்துவிடும். மகளிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாம் என்றால், ஊழியர்கள் கஸ்டமர் பொருளை எடுத்துப் போகக் கூடாது. போனார்.

காலையில் ஒன்றாக உட்கார்ந்து பழைய சாதம் சாப்பிட்டவர்கள்தான். இங்கே அவள் கோட்டு போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். மேலே கேமரா இருந்தது.

“வணக்கம் சார். வாங்க.”

“என்ன ஆயி, மத்தியானம் சாப்புட்டியா?” என்றார் தங்கையன் மெதுவாக.

“உங்க லேப்டாப் ரிப்பேர் ஆகாமலே திரும்பத் தரப்படுது சார். சரிபாத்துக்குங்க.” அவள் கண் மட்டும் கேமராவைக் காட்டியது. அவருக்குப் புரிந்தது. லேப்டாப்பை வாங்கித் துண்டில் சுற்றினார்.

“எங்க சேவைக்கு நீங்க மதிப்பெண் போடணும் சார்” என்று ஒரு சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள் வரிசையாக இருந்தன. எது நல்லது, எது கெட்டது என்று எதிலும் எழுதவில்லை. எந்த எண்ணைத் தொட வேண்டும் என்று ஊழியர்கள் சொன்னால் வேலை போய்விடும். “உங்க மனசுக்கு எது நெறைவோ அதத் தொடுங்க சார். இனிய அனுபவம் அமையட்டும்.”

தங்கையன் திரையைப் பார்த்தார். இது அவள் வேலைக்கு வேண்டியது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. தப்பாகிவிடக் கூடாது என்று நிதானமாக யோசித்தார். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று எண்ணுவதில்லை. ‘லாபம்’ என்று சொல்லித்தான் தொடங்குவார்கள், அப்புறம்தான் இரண்டு, மூன்று எல்லாம் வரும். பிறந்ததிலிருந்து அவர் காதில் விழுந்த எண்களில் அதைவிட மங்கலமான எண் கிடையாது. மகளுக்குப் போடுகிற மதிப்பெண் வேறு எதுவாக இருக்க முடியும்? மனதுக்குள் அம்மனை வேண்டிக்கொண்டு ஒன்றைத் தொட்டார். மண் வேலை செய்து காய்த்த விரலைத் திரை ஏற்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். ஏற்கும்வரை அழுத்தினார்.

திரை சிவப்பாக மாறியது.

இத்தனை மாதத்தில் அவர் கூப்பிடாமலேயே உள்ளிருந்து ஒருவர் ஓடி வந்தது அன்றுதான். சூர்யபிரகாஷ் மூச்சு வாங்க வந்து நின்றார். குந்தவையின் கழுத்திலிருந்து அடையாள அட்டையைத் தானே கழற்றினார். பிறகு சிரித்த முகத்தோடு தங்கையனிடம் திரும்பினார்.

“சார், உங்களுக்கு இவ்வளவு அதிருப்தி இருக்குன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்குங்க. புகாரை நாங்க எவ்வளவு சீரியஸா எடுத்துக்கறோம்னு நீங்களே பாருங்க. சம்பந்தப்பட்ட ஊழியர இந்த நிமிஷமே வேலைய விட்டு எடுத்துட்டோம்.”

தங்கையன் அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயா, நான் நல்லதுன்னுதாங்க போட்டேன். அளக்கையில மொத மரக்கா லாபம்ங்க. எங்க ஊர்ல அப்படித்தாங்க. அது என் பொண்ணுங்க.”

“இருக்கலாம் சார்.”

“மாத்திப் போட்டுடுறேங்க. எதுன்னு காட்டுங்க, அதத் தொடறேன்.”

“மாத்த முடியாது சார். கஸ்டமர் சொன்னா எங்களுக்கு அது வேதவாக்கு.”

இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது. தங்கையன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, “லாபம்னுதானே ஆயி போட்டேன்” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். குந்தவை அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பூதலூர் தாண்டியதும் போனை எடுத்தாள்.

“அம்மா, மாமாகிட்ட நாள் பாக்கச் சொல்லிடு” என்றாள். அந்தப் பக்கம் தங்கமணி பதறிப்போய் என்னென்னவோ கேட்டாள். “ஒண்ணும் ஆவலம்மா. அப்பாகிட்ட எதுவும் கேக்காத” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.